முதலில் ஜிக், பிறகு ஸ்டூல்

வீட்டுப் பட்டறையில் முதல் வேலையாகப் பலரும் எடுப்பது ஸ்டூல். சின்னப் பொருள், மரமும் அதிகம் வேண்டாம். ஆனால் அதில் ஒன்றுபோல் அமைய வேண்டியவை எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். நான்கு கால்களும் ஒரே நீளம், நான்கு சட்டங்களும் ஒரே நீளம். சட்டங்களின் 8 முனைகளும் நேர் மூலையாக இருக்க வேண்டும். அந்த 8 முனைகளில் 16 துளைகள், அவற்றுக்கு எதிரே கால்களில் இன்னும் 16. இந்த 32 துளைகளையும் டேப் பிடித்துப் பென்சிலால் குறித்துப் போட்டால், ஒவ்வொன்றிலும் அரை மில்லிமீட்டர் தவறினாலே போதும், ஸ்டூல் முறுக்கிக்கொண்டு நிற்கும்.

பழுத்த ஆசாரிக்குக் கையும் கண்ணும் அளவை அறியும். வாரத்தில் ஒருநாள் கார் ஷெட்டிலோ மொட்டை மாடி அறையிலோ வேலை செய்யும் நமக்கு அந்தக் கை அமையப் பல வருஷம் ஆகும். அதுவரை நாம் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. அளவை ஒரே ஒருமுறை பொறுமையாக எடுத்து, சோதித்து, ஒரு கட்டையில் பூட்டிவிடுவது. அதன்பின் எல்லாத் துண்டுகளையும் அந்தக் கட்டையே அளக்கும். அதுதான் ஜிக். முழக்கோலை வைத்து வேலை செய்த நம் தச்சர்களும் இதைத்தான் செய்தார்கள். ஒவ்வொரு சட்டத்துக்கும் புதிதாக அளக்காமல், கோலில் இருக்கும் குறியைச் சட்டத்துக்கு மாற்றினார்கள். ஒரு ஸ்டூலுக்காக இரண்டு வார இறுதிகளை ஜிக் செய்வதில் செலவழிப்பது வீண் என்று தோன்றலாம். இரண்டாவது ஸ்டூல் செய்யும்போது அந்த எண்ணம் போய்விடும்.

ஜிக்குக்கு என்ன பலகை

நல்ல தேக்குத் துண்டு மிஞ்சியிருந்தாலும் அதில் ஜிக் செய்யாதீர்கள். எந்த மரமும் இழைக்குக் குறுக்கே காற்றின் ஈரத்துக்கு ஏற்ப விரிந்து சுருங்கும். ஏப்ரலில் சரியாக இருந்த மூலை, வடகிழக்குப் பருவமழை பிடித்த நவம்பரில் விலகியிருக்கும். பிளைவுட்டில் ஒவ்வொரு அடுக்கின் இழையும் அடுத்த அடுக்குக்குக் குறுக்காக ஒட்டப்பட்டிருப்பதால் அந்த அசைவு மிகக் குறைவு. ஐ.எஸ். 303 முத்திரையும் பி.டபிள்யூ.ஆர். தரமும் உள்ள பலகை போதும். ஐ.எஸ். 710 மரைன் பிளைவுட் இன்னும் உறுதிதான், ஆனால் ஜிக்குக்கு அவ்வளவு செலவு தேவையில்லை. எம்.டி.எஃப். தட்டையாகவும் மலிவாகவும் கிடைக்கிறது. ஓரத்தில் தண்ணீர் பட்டால் உப்பிவிடும் என்பதால் மழைச் சாரல் எட்டும் பட்டறைக்கு நான் அதைச் சொல்வதில்லை. வாங்கும்போது பலகையின் ஓரத்தைச் சுற்றிலும் பாருங்கள். நடு அடுக்குகளில் ஓட்டை தெரிந்தால் அந்தப் பலகை வேண்டாம். நீங்கள் ஸ்க்ரூ போடும் இடத்தில்தான் அந்த ஓட்டை இருக்கும்.

ரம்ப வழிப்பலகை

8-க்கு 4 அடிப் பலகையை வீட்டில் நேராக வெட்டுவது கஷ்டம். டேபிள் ரம்பம் வாங்க இடமும் இல்லை, பணமும் இல்லை என்பவர்களுக்கு இந்த ஒரு ஜிக் போதும். கை வட்ட ரம்பமே ஒழுங்காக வெட்டும்.

சுமார் 10 அங்குல அகலத்தில் 6 மி.மீ. பிளைவுட் பட்டை ஒன்று, 3 அங்குல அகலத்தில் 12 மி.மீ. பிளைவுட் பட்டை ஒன்று, இரண்டும் நாலரை அடி நீளம். 12 மி.மீ. பட்டையை, பலகையின் கம்பெனி ஓரத்திலிருந்து எடுங்கள். ஆலையில் வெட்டிய அந்த ஓரம் நம்மால் இப்போதைக்கு வெட்ட முடிகிற எந்த ஓரத்தையும்விட நேரானது. அப்படியும் நம்பிவிடாதீர்கள். ஒரு பலகையில் வைத்து அந்த ஓரத்தை ஒட்டிக் கூர்ப் பென்சிலால் கோடு போடுங்கள். பட்டையைப் புரட்டி, அதே ஓரத்தைக் கோட்டின் மறுபக்கம் கொண்டுவந்து மறுபடி கோடு போடுங்கள். இரண்டு கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் ஓரம் நேர். நடுவில் இடைவெளி தெரிந்தால், உண்மையான வளைவு அதில் பாதி. இந்தப் புரட்டிப் பார்க்கும் சோதனையை நினைவில் வையுங்கள். மூலைமட்டத்தையும் இப்படித்தான் சோதிக்க வேண்டும், புதிதாக வாங்கியதாக இருந்தாலும்.

அந்த நேர் ஓரம் உள்பக்கம் பார்க்கும்படி, 12 மி.மீ. பட்டையை 6 மி.மீ. பலகையின் ஒரு பக்கமாக வைத்துப் பசை தடவி, அடியிலிருந்து ஸ்க்ரூ போடுங்கள். ஸ்க்ரூ தலை பலகைக்குள் அமுங்கியிருக்க வேண்டும். பசை காய்ந்தபின் ரம்பத்தின் அடித்தட்டைப் பட்டையின் ஓரத்தில் அணைத்தபடி, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓட்டுங்கள். 6 மி.மீ. பலகையில் மிச்சமிருந்தது அறுந்து விழும். இப்போது நிற்கும் ஓரமே உங்கள் பிளேடு வெட்டும் இடம். இனி வெட்டவேண்டிய கோட்டில் அந்த ஓரத்தை வைத்து, இரண்டு பக்கமும் கிளாம்ப் மாட்டி ஓட்டினால் போதும். கழிவுப் பக்கம் பிளேடின் கனத்தளவு போகும், உங்கள் துண்டின் அளவு கெடாது. பலகை மேல்தோலை அமுக்கிப் பிடிப்பதால் சிராயும் எழும்பாது.

வேறு கனமுள்ள பிளேடு மாட்டினால் அந்த ஓரம் பொய்யாகிவிடும். பிளேடின் கனத்தை வழிப்பலகையிலேயே எழுதி வையுங்கள்.

வெட்டும் பலகையைத் தரையில் நான்கு ரீப்பர்களின்மேல் படுக்க வையுங்கள், வெட்டுக்கு இரு பக்கமும் இரண்டிரண்டாக. அப்போதுதான் வெட்டி முடியும்போது இரண்டு பாதிகளும் இருந்த இடத்திலேயே இருக்கும். ஒரு பாதி தொங்கினால் வெட்டுவாய் மூடிக்கொண்டு பிளேடைக் கவ்வும், ரம்பம் உங்களை நோக்கி உதைக்கும். பிளேடு பலகைக்குக் கீழே 5 மி.மீ. இறங்கினால் போதும். நம் ஊரில் பலர் மார்பிள் கட்டரில் மர பிளேடு மாட்டி வேலை செய்கிறார்கள். அப்படிச் செய்பவர்கள் பிளேடில் அச்சிட்டிருக்கும் அதிகபட்ச சுழற்சி வேகத்தைக் கருவியின் வேகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கருவியின் வேகம் அதிகம் என்றால் அந்த பிளேடை மாட்டவே கூடாது. ஆங்கிள் கிரைண்டரில் பல் வைத்த மர பிளேடு எந்தக் காரணத்துக்கும் வேண்டாம். சுழலும் பிளேடு அருகில் கையுறையும் வேண்டாம். நூல் சிக்கினால் விரலையும் இழுத்துக்கொள்ளும். கண்ணாடியும் என்-95 முகக்கவசமும் கட்டாயம். மரத்தூள் புற்றுநோய் உண்டாக்குவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995-லேயே வகைப்படுத்திவிட்டது. தேக்கு மணக்கிறது என்பதற்காக அதன் தூளை உள்ளிழுக்க வேண்டியதில்லை.

இழைப்புப் பலகை

ரம்பம் விட்ட முனையை உண்மையான நேர் மூலையாக்குவது இது. 18 மி.மீ. பிளைவுட் அடிப்பலகை, 2 அடிக்கு 10 அங்குலம். அதன்மேல் 12 மி.மீ. பலகை, ஒரு பக்கம் 3 அங்குலம் விட்டு. அந்த 3 அங்குலப் படியில் இழைப்புளி பக்கவாட்டில் படுத்து ஓடும். மேல்பலகையின் கோடியில் குறுக்கே ஒரு தடைக்கட்டை. அதுதான் இந்த ஜிக்கின் உயிர்.

தடைக்கட்டையை முதலில் ஒரே ஸ்க்ரூவில் நிறுத்துங்கள். மூலைமட்டத்தைப் பார்த்து ஏறக்குறைய 90 டிகிரிக்குத் திருப்பி, கிளாம்ப் போட்டு, 3 அங்குல அகலமுள்ள பலகைத் துண்டுகள் இரண்டின் முனையை இழையுங்கள். இரண்டையும் ஒரு நேர்க்கட்டையில் அணைத்து, இழைத்த முனைகளை நேருக்கு நேர் முட்ட வையுங்கள், ஒன்றை மட்டும் குப்புறத் திருப்பி. தடைக்கட்டை சாய்ந்திருந்தால் மூட்டில் ஆப்புபோல வெளிச்சம் தெரியும், அதுவும் இரண்டு மடங்காக. கட்டையை மயிரிழை நகர்த்தி மறுபடி இழைத்துப் பாருங்கள். வெளிச்சம் மறைந்த பிறகு இரண்டாவது ஸ்க்ரூவைப் போடுங்கள். இதற்கு ஒரு முழு மாலை ஆகலாம். இந்த அத்தியாயத்தில் அவசரப்படவே கூடாத இடம் இதுதான், ஏனெனில் இங்கே மிஞ்சும் பிழை பின்னால் செய்யும் எல்லாவற்றிலும் ஏறும்.

இழைப்புளி இரும்பு உடம்பாக இருப்பது நல்லது. மர இழைப்புளியின் பக்கம் அதன் அடிக்கு நேர் மூலையாக இருக்கும் என்று சொல்ல முடியாது, அதைப் படுக்க வைத்து ஓட்டும்போது அந்தக் குறையும் வேலையில் பதியும். அலகை 25 டிகிரியில் சாணை பிடித்து, நுனியை 30 டிகிரியில் தீட்டிக்கொள்ளுங்கள். தேக்கில் நுண்ணிய மணல்சத்து இருப்பதால் முனை சீக்கிரம் மழுங்கும். நான்கு சட்டங்களின் முனை இழைப்பதற்குள் ஒருமுறை தீட்ட வேண்டியிருக்கும். முனையின் பின் விளிம்பை உளியால் லேசாகச் சாய்த்துவிட்டு இழைத்தால் இழை பிய்ந்து வராது. அடுக்குமாடியில் குடியிருப்பவர்களுக்கு இன்னொரு லாபம்: ரம்ப வேலையைப் பகலில் முடித்துக்கொண்டால் இரவு 9 மணிக்கும் யாரையும் எழுப்பாமல் இழைக்கலாம்.

அறுக்கும்போது கட்டையை மேசையில் நிறுத்திப் பிடிக்க ஒரு கொக்கிப் பலகையும் வேண்டும். ஒரு பலகை, மேலே ஒரு முனையில் ஒரு ரீப்பர், அடியில் மறுமுனையில் ஒரு ரீப்பர், அவ்வளவுதான். அதன் தடையை நீளமாக வைத்து, 420 மி.மீ. தூரத்தில் ஒரு சிறு கட்டையைக் கிளாம்ப் போட்டு நிறுத்தினால் நான்கு கால்களையும் அளக்காமலே அறுக்கலாம். அந்தச் சிறு கட்டையின் கீழ் விளிம்பைச் சீவி விடுங்கள், மரத்தூள் அடைந்து அளவு குறையாமலிருக்க.

துளை ஜிக்

கழுந்தும் துளையுமாக உளியால் பொளிந்து மூட்டுவது மேலான வேலை, அதற்குத் தனி அத்தியாயம் இருக்கிறது. முதல் ஸ்டூலுக்கு 8 மி.மீ. மரக்குச்சி மூட்டு போதுமான பலம். இந்த வகை மூட்டு தோற்பது அநேகமாகத் துளை ஒன்றுக்கொன்று நேராக அமையாததால்தான்.

ஸ்டூலின் அளவுகள் இவை: கால் 40-க்கு 40 மி.மீ., நீளம் 420. சட்டம் 20 மி.மீ. கனம், 60 மி.மீ. அகலம், நீளம் 240. இருக்கை 340 மி.மீ. சதுரம், 20 கனம்.

வாகை அல்லது கருவேலத்தில் வைரம் பாய்ந்த ஒரு கட்டை எடுத்துக்கொள்ளுங்கள், 25 மி.மீ. கனம். மேல் முனையிலிருந்து 12, 24, 36, 48 மி.மீ. தூரங்களில், பக்க விளிம்பிலிருந்து 14 மி.மீ. உள்ளே, நான்கு துளைகள். இந்த நான்கை மட்டும் கை டிரில்லில் போடாதீர்கள். பக்கத்து லேத் பட்டறையில் பெஞ்ச் டிரில் இருக்கும். அங்கே கொடுத்து நேராகப் போடச் சொல்லுங்கள். 8 மி.மீ. உள்துளை உள்ள இரும்பு புஷ் நான்கு கடைந்து வாங்கி அதில் அடித்து இறக்கினால் துளை தேயாது, தலைமுறைக்கும் உழைக்கும். பிறகு மேல் முனையில் ஒரு பட்டையும் பக்க விளிம்பில் ஒரு பட்டையும் 18 மி.மீ. பிளைவுட்டில் பொருத்துங்கள். பட்டைகள் இரண்டும் கட்டையின் இரண்டு முகத்திலும் சம அளவு வெளியே நீண்டிருக்க வேண்டும். இது முக்கியம். ஸ்டூலின் இடது காலும் வலது காலும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம். ஜிக்கை எந்த முகத்திலும் வைக்க முடிந்தால்தான் இரண்டுக்கும் ஒரே ஜிக் உதவும்.

நான்கு துளைகள் எதற்கு என்றால், ஒரு காலில் இரண்டு சட்டங்கள் பக்கத்துப் பக்க முகங்களில் வந்து சேர்கின்றன. இரண்டின் துளைகளும் ஒரே உயரத்தில் இருந்தால் காலின் உள்ளே மிக நெருங்கிவிடும், கொஞ்சம் ஆழம் தவறினால் ஒன்றில் ஒன்று புகும். அதனால் முன், பின் சட்டங்களுக்கு 12, 36. பக்கச் சட்டங்களுக்கு 24, 48. ஜிக்கில் இரண்டு நிறத்தில் வட்டம் போட்டு வையுங்கள்.

சட்டத்தின் முனையில் துளை போடும்போது பக்கப்பட்டைக்கும் சட்டத்தின் வெளிமுகத்துக்கும் நடுவில் 4 மி.மீ. பிளைவுட் துண்டு ஒன்றைச் செருகுங்கள். காலில் போடும்போது பட்டை நேராகக் காலின் வெளிமுகத்தில் அணைந்திருக்கட்டும். சட்டம் காலின் முகத்திலிருந்து சரியாக 4 மி.மீ. உள்வாங்கி நிற்கும். அந்த உள்வாங்கல் பார்வைக்கு அழகு, கால்மில்லி வித்தியாசத்தையும் கண்ணிலிருந்து மறைக்கும். எப்போதும் வெளிமுகத்திலிருந்தும் மேல் முனையிலிருந்தும்தான் அளவு. நடுவைக் கண்டுபிடிக்கும் வேலையே இல்லை. இதனால் சட்டத்தின் கனம் சற்று முன்பின் இருந்தாலும் வெளிப்பக்கம் ஒரே கோட்டில் நிற்கும். துளையின் ஆழம் 22 மி.மீ.; ஜிக்கின் கனத்தையும் சேர்த்து டிரில் பிட்டில் ஒரு டேப் சுற்றி அடையாளம் வையுங்கள்.

குச்சி 40 மி.மீ. நீளம், வரிப்பள்ளம் உள்ளது. ஹார்டுவேர் கடைகளில் தயாராகக் கிடைக்கிறது. கிடைக்காத ஊரில் காய்ந்த மூங்கிலைப் பிளந்து, 8 மி.மீ. துளையிட்ட இரும்புத் தகட்டின் வழியே கொட்டாப்புளியால் அடித்து இறக்கினால் உருண்டையாக வரும். கதவு நிலைகளில் மூங்கில் ஆணி அடித்த தச்சர்களைப் பார்த்தவர்கள் அதன் பலத்தைச் சந்தேகிக்க மாட்டார்கள்.

ஸ்டூல்

மரம் பற்றி முன்பே சொல்லியிருக்கிறேன், ஆகவே சுருக்கமாக. மரவாடியில் கன அடிக் கணக்கு: அகலம் அங்குலத்தில், கனம் அங்குலத்தில், நீளம் அடியில் பெருக்கி 144-ஆல் வகுக்க வேண்டும். 6 அங்குல அகலம், 1 அங்குலக் கனம், 6 அடி நீளமுள்ள பலகை கால் கன அடி. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெரு போன்ற இடங்களில் பழைய வீடுகளிலிருந்து கழற்றிய தேக்கு கிடைக்கும். பல பத்தாண்டுகள் காய்ந்து அடங்கிய மரம், வாங்கலாம். அறுப்பதற்குமுன் நல்ல காந்தம் ஒன்றை எல்லா முகத்திலும் ஓட்டுங்கள். உள்ளே முறிந்து கிடக்கும் ஓர் ஆணி பிளேடின் பல்லை எடுத்துவிடும். பேக்கிங் பெட்டிப் பலகை எடுப்பவர்கள் அதிலுள்ள முத்திரையைப் படியுங்கள்: எச்.டி. என்றால் சூடேற்றிப் பதப்படுத்தியது, எம்.பி. என்றால் மீத்தைல் புரோமைடு புகை போட்டது. இரண்டாவது வீட்டுக்குள் வரவேண்டாம்.

நான்கு கால்களையும் ஸ்டூலில் நிற்கப்போகிறபடியே சேர்த்துப் பிடித்து, மேல்முனைகளில் எல்லாவற்றையும் தொடும்படி ஒரு முக்கோணம் வரையுங்கள். எது முன், எது பின், எது வெளிமுகம் என்ற குழப்பம் கடைசிவரை வராது. துளைகள் முடிந்ததும் பசையில்லாமல் முழுவதும் பூட்டிப் பாருங்கள். சரியாக அமைந்தால் முன் சட்டத்தையும் அதன் இரண்டு கால்களையும் முதலில் ஒட்டுங்கள், பின்பக்கத்தையும் அப்படியே. பசையைத் துளைக்குள் குச்சியால் தடவுங்கள், ஊற்றாதீர்கள்; வெளியேற வழியில்லாத பசை காலைப் பிளக்கும். தேக்கில் எண்ணெய்ப்பசை உண்டு என்பதால் முனைகளை அன்றைக்கே இழைத்து அன்றைக்கே ஒட்டுவது நல்லது. கிளாம்ப் போட்டதும் எதிர் மூலைகளை அளந்து பாருங்கள். இரண்டு குறுக்களவும் சமமாக இல்லையென்றால், நீண்டிருக்கும் திசையில் கிளாம்பைச் சற்றே சாய்த்து இறுக்கினால் வழிக்கு வரும். மறுநாள் பக்கச் சட்டங்களைச் சேர்த்து முழுவதையும் நிறுத்துங்கள். 24 மணி நேரம் அதன்மேல் உட்காராதீர்கள், குழந்தைகளையும் உட்கார விடாதீர்கள்.

இருக்கையைச் சட்டத்தோடு ஒட்டிவிட ஆசையாக இருக்கும். வேண்டாம். மூன்று பலகை சேர்த்த 340 மி.மீ. தேக்கு இருக்கை, பங்குனி வெயிலுக்கும் ஐப்பசி மழைக்கும் நடுவில் 2 முதல் 3 மி.மீ. வரை அகலத்தில் கூடிக் குறையும். கீழே இருக்கும் சட்டங்கள் நீளவாக்கில் அசையாது. இரண்டையும் ஒட்டினால் ஒரு வருஷத்துக்குள் இருக்கை பிளக்கும், அல்லது மூட்டு விடும். இருக்கையின் இழைக்குக் குறுக்காக ஓடும் இரண்டு சட்டங்களின் உள்பக்கம் மட்டும் ஒரு ரீப்பர் ஒட்டி, அதில் மூன்று துளைகள் போடுங்கள். நடுத்துளை வட்டமாக, ஓரத்துளைகள் இரண்டும் சட்டத்தின் நீளவாக்கில் நீண்டதாக, 5 மி.மீ. துளைகளை அடுத்தடுத்துப் போட்டு ஒன்றாக்கி. கீழிருந்து வாஷருடன் ஸ்க்ரூ போடுங்கள். நடு நிற்கும், இருபுறமும் இருக்கை தன் இஷ்டத்துக்கு அசையும்.

இழையின் போக்கிலேயே 120, 180, 240 என்று உப்புத்தாள் தேயுங்கள். ஆளிவிதை எண்ணெய் பூசுபவர்கள் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அது காயும்போது சூடேறித் தானாகவே தீப்பிடிக்கக்கூடியது. வெயிலில் விரித்து முழுக்கக் காயவைத்தோ தண்ணீரில் நனைத்தோ அப்புறப்படுத்துங்கள்.

கடைசியாகக் கால்களைச் சமன்செய்வது. சமையல் மேடையின் கிரானைட் வீட்டில் கிடைக்கும் நல்ல சமதளம், அதன்மேல் ஸ்டூலை நிறுத்துங்கள். ஆடினால் குட்டையான காலின் கீழ் காகிதம் மடித்து வைத்து ஆட்டத்தை நிறுத்துங்கள். ஒரு மெல்லிய ரீப்பர் துண்டின்மேல் பென்சிலைப் படுக்க வைத்து, அதே உயரத்தில் நான்கு கால்களையும் சுற்றிக் கோடு போட்டு, அந்தக் கோட்டில் அறுங்கள். கீழ் விளிம்புகளைச் சுற்றிலும் 2 மி.மீ. சாய்த்துவிடுங்கள், இழுக்கும்போது சிராய் பெயராது. நம் வீடுகளில் தரையைத் தண்ணீர் விட்டுத்தான் துடைக்கிறோம். காலின் அடிமுனை வழியாக மரம் அந்த ஈரத்தை மேலே உறிஞ்சும். எனவே அந்த முனைகளில் தண்ணீர் புகாத மரைன் பசையை இரண்டு பூச்சு பூசிக் காயவைத்து, ரப்பர் புஷ் அடித்துவிடுங்கள்.